கேப்டனுக்காக ஓர் உபவாசம்

விஜயராணிக்கு இங்கிலீஷில் தன் பெயரை எழுதுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். ஆனாலும் இங்கிலீஷ் நாவல் கேட்காவிட்டால் அவளுக்கு ஒரு பொழுது போகாது. படிக்கிறது மகள் ஷர்மிளா, கேட்கிறது தாய். ஷர்மிளாவுக்கு நெருளில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் கணக்குப் பார்க்கிற வேலை. ஜி.டி.பி. நகரில் ரயிலேறினால் நெருளில் இறங்கும்வரை கையில் புத்தகந்தான். சாயங்காலம் தாராவிக்கு வந்து முகம் கழுவி, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, அன்றைக்குப் படித்த அத்தியாயத்தை அம்மாவுக்குத் தமிழில் சொல்லுவாள். ஷர்மிளாவின் தமிழில் பாதி ஹிந்தி. அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. நாசரேத் பக்கத்திலிருந்து தாராவிக்கு வாக்கப்பட்டு வந்த விஜயராணிக்கு அதுவும் தாய்மொழி மாதிரிதான். சேலைக்கு ஃபால் தைத்துக்கொண்டே கேட்பாள். கதை உச்சத்துக்குப் போகும்போது மெஷினை நிறுத்திவிடுவாள். அந்த வாரம் பக்கத்துச் சந்துக்காரிகளுக்குச் சேலை தாமதமாகும்.

எல்லாம் கிறிஸ்தவ நாவல்கள், அந்தக் காலத்துக் கதைகள். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகக்காரனிடம் ஷர்மிளா பொறுக்கி எடுத்து வருவாள். குதிரை, பனி, மர வீடு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை எல்லாம் கட்டாயம் இருக்கும். கதாநாயகனுக்கு ஏதோ ஒரு துக்கத்தில் கர்த்தர்மேல் கோபம் இருக்கும். கதாநாயகி ஜெபித்தே அவனை வழிக்குக் கொண்டுவருவாள். முத்தமும் உண்டு, ஆனால் கடைசி அத்தியாயத்தில், போதகருக்குச் சொல்லி அனுப்பிய பிறகுதான். இதில்தான் விஜயராணிக்குப் பரம திருப்தி. காதல் கதை கேட்டது மாதிரியும் ஆயிற்று, வேதவசனம் கேட்டது மாதிரியும் ஆயிற்று; பெற்ற மகள் வாயால் கேட்கக் கூச்சமும் இல்லை. பனி என்றால் மீன்கடைப் பெட்டியில் கிடக்கும் ஐஸ்தான் அவளுக்குத் தெரியும். அதில் எப்படிக் குதிரை ஓடும் என்று பலநாள் யோசித்திருக்கிறாள்.

இந்தத் தடவை வந்து மாட்டியவன் கேப்டன் ஆல்பர்ட். தம்பி செத்த துக்கத்தில் இனி ஜெபிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு யுத்தத்துக்குப் போய்விட்டான். ஊரில் பள்ளிக்கூட டீச்சர் மார்கரெட் அவனுக்காகக் காத்திருக்கிறாள். கடிதம் இல்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஷர்மிளா சொன்ன அத்தியாயத்தில் அவன் குண்டடி பட்டு, ஒரு கூடாரத்தில் காய்ச்சலோடு கிடந்தான். மிச்சத்தை நாளைக்குப் படித்துச் சொல்கிறேன் என்று ஷர்மிளா டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். விஜயராணிக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபம். சபைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஞானதீபம் அக்கா வீட்டில் காலையிலிருந்து பட்டினியாகக் கூடுவார்கள். மதியம் ஜெபம் முடிந்ததும் அக்கா சோறு போடுவாள். ஒவ்வொருத்தியும் ஒரு ஜெபக்குறிப்புச் சொல்ல வேண்டும். ஒரு குறிப்பை எடுத்துக்கொண்டால் பதில் கிடைக்கும்வரை விடுவதில்லை. பதில் கிடைத்ததும் சொன்னவள் எழுந்து சாட்சி சொல்லியாக வேண்டும். இன்னொரு சட்டமும் உண்டு. குறிப்புச் சொன்னவளிடம் யாரும் துருவிக் கேட்கக் கூடாது. ஒருகாலத்தில் துருவிக் கேட்டுப் பெரிய சண்டையாகி இரண்டு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டதால் அக்கா போட்ட சட்டம் அது. அதனால் சொன்னவளிடம் மட்டும் கேட்கமாட்டார்கள். மற்ற எல்லாரிடமும் கேட்பார்கள்.

விஜயராணியின் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த நாள் முதல் அவளுக்கு ஒரே குறிப்புத்தான், ஷர்மிளா கல்யாணம். வாராவாரம் அதைச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய வெட்கம், அவள் மனசுக்குள் குறித்து வைத்திருந்த மாப்பிள்ளை ஞானதீபம் அக்காவின் மகன் ராஜசேகர். செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனி ஆபீஸில் வேலை. அதிர்ந்து பேசமாட்டான், பார்க்கிறவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போவான். அக்கா வீட்டில் உட்கார்ந்து, அக்காவையே கண்ணை மூடச் சொல்லி, என் மகளுக்கு மாப்பிள்ளை வேண்டும் என்று ஜெபிப்பது தூண்டில் போடுவது மாதிரி இருக்காதா.

அன்றைக்கு அவள் முறை வந்தபோது வயிறு காலி, தலை கிறுகிறு, கண்ணுக்குள் கூடாரம். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"ஒரு தம்பி. ஆல்பர்ட்டுன்னு பேரு, கேப்டன். யுத்தத்துல அடிபட்டுக் கெடக்கான். கடுதாசி இல்ல. அவனுக்காவ ஒரு பொம்பளப்பிள்ள காத்துக்கிட்டு இருக்கு."

சொன்னதோடு நிற்காமல் அழுதும் விட்டாள். புருஷன் அடக்க ஆராதனையில்கூட மூக்கைச் சிந்திக்கொண்டு சமாளித்தவள் இப்படிக் குலுங்கி அழுவதைப் பார்த்துப் பெண்கள் ஆடிப்போனார்கள். ஞானதீபம் அக்கா முழங்காலில் நின்று, ஆல்பர்ட்டின் தலைமாட்டில் தேவதூதர்கள் காவல் நிற்க வேண்டும் என்று கரகரத்த குரலில் மன்றாடினாள். அத்தனை பேரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு, அவன் புத்தகத்தில் இருக்கிறவன் என்று எந்த முகத்தோடு சொல்வது. சாயங்காலம் ஷர்மிளா வந்து ஆல்பர்ட் பிழைத்துவிட்டான் என்று சொல்லட்டும், அடுத்த வாரம் ஒரு சாட்சி சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்று விஜயராணி கணக்குப் போட்டாள்.

சாயங்காலம் ஷர்மிளா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். புத்தகத்தில் கடைசி அத்தியாயங்கள் இல்லை; யாரோ கிழித்திருக்கிறார்கள். நடைபாதைக்காரனிடம் கேட்டதற்கு, கிலோ கணக்கில் வாங்குகிறவனுக்கு முடிவு எப்படித் தெரியும் என்று சிரித்தானாம். நெட்டில் தேடினாள். பழைய புத்தகம், அமெரிக்காவிலிருந்து வர வேண்டும், வந்து சேர இரண்டு மாதம் பிடிக்கும். விஜயராணி மெஷின்மேல் கையூன்றி உட்கார்ந்துவிட்டாள். கர்த்தரே பதில் கொடுத்தாலும் தெரிந்துகொள்ள வழியில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பதில் இல்லை என்றதும் ஞானதீபம் அக்கா சங்கிலி உபவாசம் அறிவித்தாள். நாளுக்கு ஒருத்தியாக வாரம் முழுக்க ஆல்பர்ட்டுக்காகப் பட்டினி. ஆல்பர்ட் என்றால் நம்ம பக்கத்துப் பிள்ளைதான் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஒருத்தி அவன் மெஞ்ஞானபுரம் என்றாள், இன்னொருத்தி அவன் அம்மாவைத் தனக்குத் தெரியும் என்றே சொல்லிவிட்டாள். இட்லி விற்கிற கிருபாவதிக்குச் சர்க்கரை உண்டு. உபவாசம் கூடாது என்று டாக்டர் சொல்லியும் கேளாமல் செவ்வாய்க்கிழமையை அவள் வாங்கிக்கொண்டு, தொண்ணூறடி ரோட்டில் இட்லிக் கூடையோடு மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி இந்துதான் என்றாலும் தன் பங்குக்கு அம்மன் கோவிலில் ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள். கிருபாவதிக்குச் சுக்குத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தபோது விஜயராணியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிருபாவதியோ படுத்தபடியே, தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்க வாயெடுத்து, சட்டம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

இத்தனையும் கூடத் தாங்கியிருப்பாள். வியாழக்கிழமை செண்பகவல்லி கொண்டுவந்த சேதிதான் அவளைக் கவிழ்த்துப் போட்டது. ஞானதீபம் அக்கா ஷர்மிளாவைத் தன் மகனுக்குக் கேட்கவே நினைத்திருந்தாளாம். ஈஸ்டர் கழியட்டும் என்று காத்திருந்தாளாம். அதற்குள் இந்த ஆல்பர்ட் வந்துவிட்டான். காத்துக்கொண்டிருக்கும் பெண் ஷர்மிளா இல்லாமல் வேறு யார், தாய்க்காரி அப்படி அழுதாளே என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மான்குர்த்தில் வேறு ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறார்கள்.

"அடுத்தவன் பொண்டாட்டியா வரவேண்டியவள மருமவளா நெனச்சிட்டேனேன்னு அக்கா கண்ணு கலங்கிட்டு," என்றாள் செண்பகவல்லி. "நீ ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம் விஜயராணி. மிலிட்டரி மாப்பிள்ளன்னா நாங்க என்ன கண்ணா போட்டுருவோம்."

கேட்டது கிடைத்திருக்கிறது, கிடைத்ததை விஜயராணி தானே கூடாரம் கட்டி மறைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் உண்மையைச் சொன்னால் அக்கா காறித் துப்புவாள். சொல்லாவிட்டால் ராஜசேகர் மான்குர்த்துக்குப் போய்விடுவான். இரண்டிலும் மாப்பிள்ளை போவது நிச்சயம் என்றாலும், சொல்லிவிட்டு இழந்தால் ஆல்பர்ட்டின் பெயர் ஷர்மிளா தலையில் விடியாதே என்று தோன்றியது. ஷர்மிளாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மற்றவர்கள் வருமுன் அக்காவைத் தனியாகப் பிடிக்க எண்ணி வெள்ளனவே போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தது ராஜசேகர். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருப்பதாகவும், தனக்கு மதிய ஷிப்ட் என்றும் சொல்லி நாற்காலி போட்டான். போட்டுவிட்டு உள்ளே போகாமல் நின்றான். கேப்டனுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று மிகவும் மரியாதையாக விசாரித்தான். ஆண்பிள்ளைக்கு அக்காவின் சட்டம் தெரியாது போலும். இரண்டு வாரமாக ஒருத்தரும் நேருக்கு நேர் கேட்காததாலோ என்னவோ, கேட்டதும் விஜயராணி மடை திறந்தாற்போலக் கொட்டிவிட்டாள். கூடாரம், காய்ச்சல், தம்பி செத்த துக்கம், சட்டைப் பையில் மார்கரெட் கொடுத்த சின்ன வேதாகமம், நெஞ்சுக்கு வந்த குண்டு அதில் பட்டுக் கைக்குத் திரும்பியது வரைக்கும்.

ராஜசேகரின் முகம் ஒரு மாதிரியாக மாறியது. வாசலை எட்டிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"ஆன்ட்டி, அந்தக் கூடாரத்துல கெழட்டு நர்ஸ் ஒண்ணு பைபிள தலகீழா வச்சுக்கிட்டு வாசிக்கும்லா?"

"ஆமா," என்றாள் விஜயராணி. சொன்ன பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது. "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் மென்று விழுங்கிச் சொன்னான். அவனும் படிக்கிறவன்தான். அதே நடைபாதை, அதே வகைப் புத்தகங்கள். முப்பது வயது தாண்டிய ஆண்பிள்ளை அட்டையில் தொப்பிக்காரி படம் போட்ட கல்யாணக் கதை படிக்கிறான் என்று ஆபீஸில் தெரிந்தால் அவன் பிழைப்பு நாறிவிடும். அதற்காகவே வடாலா வரை சுற்றிப் போய் மோனோரயில் ஏறுகிறான். அதில் பார்க்க ஆளே இருக்காது. அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சினான். விஜயராணிக்கு அவன் கெஞ்சல் காதிலேயே விழவில்லை. ஆல்பர்ட் பிழைப்பானா என்று கேட்டாள்.

"பொழச்சுருவாரு ஆன்ட்டி. எடது கை போயிரும்."

விஜயராணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். கை போனாலும் ஊருக்கு வருவார், மார்கரெட்டைக் கட்டிக்கொள்வார் என்று அவன் அவசர அவசரமாகத் தேற்றினான். பிறகு அவளுடைய முழு இக்கட்டையும் கேட்டுவிட்டு ஒரு வழியும் சொன்னான். சாட்சி சொல்லிவிடுங்கள், ஆல்பர்ட் ஒரு கை போனாலும் பிழைத்து வந்துவிட்டான், மார்கரெட் என்கிற பெண்ணைக் கட்டப்போகிறான், அவ்வளவுதான். ஒரு வார்த்தை பொய்யில்லை. மேலே யாரும் துருவவும் மாட்டார்கள். தன் கல்யாணமும் இதில் தொங்குகிறது என்பது அவனுக்குத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

பெண்கள் கூடினார்கள். பாட்டு முடிந்தது. பதில் உண்டுமா என்று ஞானதீபம் அக்கா கேட்டபோது விஜயராணி எழுந்து, ராஜசேகர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள். ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அறை அதிர்ந்தது. மார்கரெட் என்ற பெயர் காதில் விழுந்ததும் அக்காவின் முகம் மலர்ந்ததை விஜயராணி பார்த்தாள். அப்படியே உட்கார்ந்திருந்தால் எல்லாம் சுபம்.

ஆனால் கிருபாவதி எழுந்தாள். எழுந்து, காதிலிருந்த கம்மலைத் திருகத் தொடங்கினாள். கையில்லாத பிள்ளை எப்படிப் பிழைப்பான், பரேல் பக்கம் செயற்கைக் கை வைக்கிறார்களாம், இதை விற்று அவனுக்குக் கொடு என்றாள். அவளிடம் இருந்த ஒரே தங்கம் அது. திருகாணி அழுக்கேறி இறுகியிருந்தது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திருகினாள். பக்கத்திலிருந்தவள் தேங்காயெண்ணெய் எடுத்து வந்து விட்டாள். மற்றொருத்தி காதைப் பிடித்துக்கொண்டாள். விஜயராணி எவ்வளவு நேரந்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கழட்டாதிய எக்கா," என்றாள். "அவனுக்குக் கையும் கெடையாது, காலும் கெடையாது. அவன் புஸ்தகத்துல உள்ள ஆளு."

"எந்தப் புஸ்தகத்துல?" என்றாள் ஞானதீபம் அக்கா. "வேதத்துல ஆல்பர்ட்டுன்னு யாரும் இல்லியே."

விஜயராணி எல்லாவற்றையும் சொன்னாள். ராஜசேகரின் பெயரை மட்டும் விழுங்கிவிட்டாள். தலை கவிழ்ந்தே நின்றாள். உடனே எல்லாரும் சேர்ந்து பேசினார்கள். காகிதத்தில் இருக்கிறவனுக்காகவா நான் ரோட்டில் விழுந்தேன் என்று கிருபாவதி கேட்டாள். மெஞ்ஞானபுரம் என்று சொன்னவள் தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றாள். ஞானதீபம் அக்கா எல்லாரையும் கையமர்த்திவிட்டு மெதுவாகத்தான் பேசினாள். அந்த மெதுவே விஜயராணிக்குப் பயமாக இருந்தது.

"தாயும் மவளுமா உக்காந்து காதல் கத படிச்சி அழுதுக்கிட்டுக் கெடந்திருக்கிய. இப்படிக் கிறுக்குப் புடிச்ச பிள்ளைய எந்த வீட்டுலதான் நம்பி..."

அக்கா முடிக்கவில்லை. உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு ராஜசேகர் வந்தான். ஆபீஸுக்குப் போக இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு தடிப் புத்தகம். அட்டையில் தொப்பிக்காரி ஒருத்தி பனியில் நின்றுகொண்டிருந்தாள்.

"நானும் படிச்சிருக்கேன் அம்மா."

"எதையலே?"

"இதத்தான். இது மாத்திரம் இல்ல, கட்டிலுக்கடியில பெட்டி நெறய இருக்கு. பேங்க் பரீட்சப் புஸ்தகம்னு ஒங்ககிட்ட பொய் சொன்னேன். மார்கரெட் ரயிலடியில நிக்கிற எடத்துல நானும் அழுதேன். கிறுக்குன்னா நானும் கிறுக்குதான்."

இத்தனை பெண்களுக்கு நடுவில் அவன் இவ்வளவு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. விஜயராணிக்கு அவனைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாகவும் பாவமாகவும் இருந்தது. மாப்பிள்ளை கிடைக்கிறானோ இல்லையோ, இவனைப் பெற்றவள் கொடுத்து வைத்தவள் என்று நினைத்தாள். பெற்றவளோ, பரீட்சையில் மகன் தேற வேண்டும் என்று தான் வாராவாரம் ஜெபித்ததையெல்லாம் மனசுக்குள் திரும்பக் கூட்டிப் பார்ப்பவளாக நின்றாள்.

கிருபாவதிதான் முதலில் அசைந்தாள். கம்மலைத் திருகி மாட்டிக்கொண்டே, கை போனது அந்தப் புத்தகத்தில் நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றான். அப்படியானால் வாசி, பட்டினி கிடந்தவளுக்கு அதையாவது தெரிந்துகொள்ள உரிமையில்லையா என்றாள். ஒருத்தி நாற்காலியை நகர்த்தி அவனுக்கு வெளிச்சம் விட்டாள்.

ராஜசேகர் நின்றபடியே ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி வாசித்தான். ஆல்பர்ட் ரயிலிலிருந்து இறங்கினான். வெறும் சட்டைக்கையை மறைத்துக்கொண்டு, என்னை மறந்துவிடு என்றான். மார்கரெட், நான் ஜெபித்தது உன் கைக்காக இல்லை என்றாள். கிருபாவதி ஓவென்று அழுதாள். ஆல்பர்ட்டின் அம்மாவைத் தெரியும் என்றவள், அந்த அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முத்தம் வந்த இடத்தில் ராஜசேகர் இரண்டு வரியைத் தாண்டினான். தாண்டியது எல்லாருக்கும் தெரிந்தது. ஒருத்தரும் துருவவில்லை.

புத்தகத்தை மூடியபோது ஞானதீபம் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்து, தொண்டையைச் செருமினாள்.

"விஜயராணி, நாங்க மான்குர்த்துக்குப் போவல. எம் மவனுக்கு ஷர்மிளாவக் கேக்கேன். இத நான் ஜெபக்குறிப்பா வைக்கல. இதுக்குக் கர்த்தர் பதில் சொல்லட்டும்னு ஒருத்தியும் காத்திருக்க வேண்டாம். நீதான் சொல்லணும்."

இத்தனை வருஷமாகக் கேட்டது எதிரே நின்று பதில் கேட்கிறது. கதையில் வருகிறவனுக்காக ஆறாக அழுத விஜயராணிக்கு இப்போது ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. ராஜசேகர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்; ஷிப்டுக்கு நேரமாகியும் அவன் நகரவில்லை.

"ஷர்மிளாட்ட கேக்கணும்க்கா," என்றாள் கடைசியில். "அவதான் சொல்லணும். சாயந்திரம் வருவா."

"கேளு. அவ மனசறிஞ்சே கேளு," என்று அக்கா அவள் தோளைப் பிடித்து அடுக்களைப் பக்கம் திருப்பினாள். "அதுக்காவ அதுவரைக்கும் பட்டினி கெடக்காத. சோறு போடுதேன், வா."